தொடரும் பக்க எண்கள்

‘அக்ட்சென்டே’ என்ற ஜெர்மன் இலக்கிய ஏட்டின் பழைய இதழ்களைப் புரட்டும்போது முதலில் என்னைக் கவர்வது பக்க எண்தான். அப்போது ஆண்டுக்கு ஆறு இதழ். ஆண்டின் முதல் இதழில் புதிதாகத் தொடங்கும் எண், அடுத்தடுத்த இதழ்களில் விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆறையும் சேர்த்துக் கட்டினால் ஒரு தடித்த புத்தகம். ஊர்பேர் தெரியாத ஒருவரின் முதல் கவிதைக்கும் அந்தப் புத்தகத்தில் நிரந்தரமாக ஒரு பக்கம் உண்டு. இப்படி யோசித்த ஆசிரியர்கள் மீது எனக்குத் தீராத மரியாதை.

போர் முடிந்ததும் ஜெர்மனியில் பத்திரிகைகள் புற்றீசல்போலக் கிளம்பின. 1948இல் நாணயம் மாறியதும் பல இதழ்கள் வாங்க ஆளின்றி நின்றுபோயின. அதன் பிறகு, 1954இல், மியூனிக்கின் கார்ல் ஹான்சர் பதிப்பகம் இந்த இதழைத் தொடங்கியது துணிச்சல்தான். ஆசிரியர்கள் வால்டர் ஹொல்லரர், ஹான்ஸ் பெண்டர். இருவருக்கும் முப்பது கடந்து சில வயது. ருஷ்யப் போர்க்கைதி முகாமிலிருந்து 1949இல் திரும்பிய பெண்டர், இளங்கவிஞர்களுக்கென்றே ‘கோன்டூரன்’ என்ற சிற்றேட்டை நடத்திப் பழகியவர். ஹொல்லரர் கவிஞர், இலக்கிய ஆய்வாளர், வாதத்துக்கு அஞ்சாதவர்.

1955இல் பெர்லினில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த ஒரு மாணவர் வானொலிக் கவிதைப் போட்டியொன்றில் மூன்றாம் பரிசு பெற்றார். அந்தக் கவிதை ‘அக்ட்சென்டே’யில் அச்சேறியது. மாணவர் பெயர் குந்தர் கிராஸ். ‘டின் டிரம்’ நாவல் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. நோபல் பரிசு 1999இல். பின்னாளில் புகழ்பெற்றவரை முன்பே கண்டுகொண்டோம் என்று எந்த இதழும் பெருமைப்படலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாவுல் செலான், இங்கபோர்க் பாக்மன், குந்தர் ஐஹ் போன்ற கவிஞர்கள் எழுதிய அதே ஏட்டில்தான் அந்தச் சிற்ப மாணவருக்கும் இடம் கிடைத்தது. வளரும் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

சண்டைக்கும் அங்கே இடமிருந்தது. 1965இல் நீண்ட கவிதைக்கு ஆதரவாக ஹொல்லரர் சில கருத்துகளை முன்வைத்தார். மூத்த கவிஞர் கார்ல் குரோலோ மறுத்தெழுதினார், அதுவும் அடுத்த ஆண்டு அதே இதழில். ஆசிரியரை மறுக்க ஆசிரியரின் பக்கங்களே திறந்திருந்தன. இலக்கிய இதழ் உயிரோடிருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் இறுதியில் ஹொல்லரர் விலகினார். பெண்டர் தனியே சுமந்தார். 1976இல் சேர்ந்த மிகயேல் க்ரூகர், 1981 முதல் முப்பது ஆண்டுக்கும் மேலாக நடத்திப் பிறமொழிக் கவிதைகளுக்கும் இடம் தந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் ஆசிரியர்கள் மூவரே!

ஹொல்லரர் 1977இல் தன் சொந்த ஊரான சுல்ட்ஸ்பாக்-ரோசன்பெர்க்கில் ஓர் இலக்கியக் காப்பகம் நிறுவினார். எழுத்தாளர்களுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்துதான் அதன் அடித்தளம். ‘அக்ட்சென்டே’ காலத்துக் கடிதங்களும் அதில் அடக்கம். அச்சான பக்கங்களை மட்டும் படித்தவர்கள் அந்தக் கடிதங்களையும் படிக்க வேண்டும். பிரதி கேட்பதும் திருத்தம் சொல்வதும் எவ்வளவு பெரிய உழைப்பு என்று அங்கே தெரியும்.