தவறான பதில்

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் குளிக்க முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மலையில் மழை பெய்தால் அருவியில் வெள்ளம் வரும், வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுவார்கள். போன ஜூலையில் அப்படித்தான் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் தென்காசி வரை வந்து, மெயினருவியைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, என் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாரல். "மச்சி, ஏதாவது ஸ்போர்ட்ஸ் படம் போடுடா" என்றான் ஒருத்தன். நான் 'மிராக்கிள்' போட்டேன்.

2004-இல் வந்த டிஸ்னி படம். இயக்கியவர் கவின் ஓ'கானர். 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸில், கல்லூரி அணிகளிலிருந்து பொறுக்கி எடுத்த இளைஞர்களைக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, யாராலும் அசைக்க முடியாது என்று நம்பப்பட்ட சோவியத் அணியை 4-3 என்று வென்றது. அதுதான் கதை. கோச் ஹெர்ப் புரூக்ஸாக கர்ட் ரஸ்ஸல். நான் நாலாவது தடவையாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் அழுவேன். இந்தத் தடவை அதே இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அது ஏன் என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

அந்த இடம் இது. ஆஸ்லோவில் நார்வேயுடன் ஒரு பயிற்சி ஆட்டம் டிராவில் முடிகிறது. பையன்கள் ஆட்டத்தில் கவனமில்லாமல் இருந்ததை கோச் பார்த்துவிட்டார். மேட்ச் முடிந்ததும் யாரையும் பனித்தரையை விட்டு வெளியே விடுவதில்லை. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குச் சறுக்கி ஓட்டம், திரும்பி வா, மறுபடியும் ஓடு. அரங்கத்தின் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். இருட்டிலும் ஓட்டம் நிற்கவில்லை. படத்தின் ஆரம்பத்திலிருந்தே புரூக்ஸ் ஆட்டக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்: உன் பெயர் என்ன, நீ யாருக்கு ஆடுகிறாய்? ஒவ்வொருத்தனும் தன் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வான். கோச் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இந்த இருட்டில், நிற்கவே தெம்பில்லாத நிலையில், மைக் எருசியோனி மூச்சு வாங்கிக்கொண்டே தன் பெயரைச் சொல்லி, அமெரிக்காவுக்கு ஆடுகிறேன் என்பான். ஓட்டம் முடிந்தது. இசை எழும். நான் அழுவேன்.

1979 செப்டம்பரில் ஆஸ்லோவில் அந்த ஆட்டம் 3-3 என்று முடிந்ததும், அதற்குப் பிறகு இருட்டில் ஓடவிட்டதும் நிஜம். எருசியோனியின் பதில் திரைக்கதை சேர்த்தது. சினிமாவில் அப்படிச் சேர்ப்பதில் தப்பில்லை. என் பிரச்சினை வேறு. அந்த ஒரு பதில் சரி என்றால், அதுவரை மற்றவர்கள் சொன்ன பதிலெல்லாம் தவறு என்றாகிறது. 'மினசோட்டா பல்கலைக்கழகம்' என்பது தவறான பதில். 'பாஸ்டன் பல்கலைக்கழகம்' என்பதும் தவறான பதில். கல்லூரியின் பெயரை உதிர்த்தால்தான் அணி பிறக்கும் என்கிறது படம். வரலாற்றைத் திறந்து பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. அந்த அணியைப் பெற்றதே அந்தத் தவறான பதில்கள்தான்.

அணியில் இருபது பேர். அதில் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள். நான்கு பேர் பாஸ்டன் பல்கலைக்கழகம். மீதி ஏழு பேரும் விஸ்கான்சின், பௌலிங் கிரீன், மினசோட்டா-டுலூத், வடக்கு டகோட்டா என்று வேறு பல்கலைக்கழகங்களில் ஆடியவர்கள். கோச்சும் மினசோட்டாவின் கோச்தான். 1972-இல் புரூக்ஸ் பொறுப்பேற்றபோது அந்த அணி சரிந்து கிடந்தது. 1974, 1976, 1979 என்று மூன்று முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் ஒலிம்பிக் அணிக்கு வந்தார். ஏழு வருஷம் ஒரே அணியைப் போட்டுத் தேய்த்த மனிதர் ஆறேழு மாதத்தில் இன்னொரு அணியைத் தயார் செய்ததற்கு 'அற்புதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1921-22 சீசனில். 1952-இல் ஜான் மாரியூச்சி கோச்சாக வந்தார். எவலெத் என்ற இரும்புச் சுரங்க ஊர்க்காரர். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி அணிகள் பல, கனடாவிலிருந்து ஆளை இறக்கித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தன. வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஆட்டக்காரர்கள். மாரியூச்சி உள்ளூர்ப் பையன்களைத்தான் எடுப்பேன் என்று நின்றார். டென்வர் பல்கலைக்கழகத்தோடு சில காலம் ஆடவே மறுத்தார். அவர் காலத்தில் மினசோட்டா தேசியப் பட்டம் வாங்கவில்லை. ஆனால் சின்னச் சின்ன ஊர்களில், நம்ம பையனும் பல்கலைக்கழகத்துக்கு ஆடலாம் என்ற நம்பிக்கை விழுந்தது. அவரிடம் ஆடிய பையன்களில் ஒருத்தர் ஹெர்ப் புரூக்ஸ். 1980 அணியில் இருந்த மார்க் பாவெலிச்சும் எவலெத்காரர்தான். இருபது பேரில் பன்னிரண்டு பேர் மினசோட்டா மாநிலத்தவர். இது ஒரு இரவில் நடந்த சமாச்சாரமில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷ வேலை.

படத்தில் ஒரு சண்டை வரும். பாஸ்டனின் ஜாக் ஓ'கலஹனும் மினசோட்டாவின் ராப் மெக்லனஹனும் முதல் நாள் பயிற்சியிலேயே அடித்துக்கொள்வார்கள். காரணம் 1976 கல்லூரிப் போட்டியில் இரண்டு அணிகளுக்கும் நடந்த கைகலப்பு. நிஜத்தில் மெக்லனஹன் அந்த மேட்ச்சில் ஆடவே இல்லை. அவர் மினசோட்டாவில் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். படம் இதைத் தெரியாமல் செய்த பிழையாக இருக்கலாம். எனக்கோ படத்தின் மிக உண்மையான காட்சி இதுதான் என்று படுகிறது. நாம் ஆடாத மேட்ச்சின் பகை நமக்கு வந்து சேருமானால், நாம் ஒரு வரலாற்றுக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் படம் அந்தப் பகையைச் சின்னப்பிள்ளைத்தனமாகக் காட்டி, தேசத்தை வைத்துத் துடைத்துவிடுகிறது.

*

நான் படித்த பொறியியல் கல்லூரியில் ஹாக்கி டீம் இருந்தது. ஐஸ் இல்லை, செம்மண். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் சரளை. எங்கள் பி.டி. சார் கோவில்பட்டிக்காரர். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி ஸ்டிக் பிடிக்காத தெரு கிடையாது என்பார். "ஏலே, பந்து கல்லுல பட்டு எங்ஙன போவும்னு கல்லுக்கே தெரியாது. ஸ்டிக்க தரையிலேயே வச்சிக்கிட்டு ஓடு" என்று கத்துவார்.

காலேஜ் ஸ்டிக்குகள் பேட்ச் பேட்ச்சாகக் கை மாறி வரும். கைப்பிடியில் சுற்றிய டேப்பைப் பிரித்தால் உள்ளே மரத்தில் பழைய ஆட்களின் பெயர்கள் இருக்கும். எனக்கு வந்த ஸ்டிக்கில் மூன்று பெயர்கள். நாலாவதாக என் பெயரை காம்பஸ் முனையால் கீறினேன்.

கடைசி வருஷம் பாதி கிரவுண்டில் புதுக் கட்டிடம் எழும்பியது. சாரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டீம் அதோடு போச்சு. யாரும் கலைக்கவில்லை, அறிவிக்கவில்லை. அடுத்த வருஷம் ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் பதினாறு பேர் ஒரு மனுகூட எழுதவில்லை. பிளேஸ்மென்ட் நேரம். கேம்பஸ் இன்டர்வியூவில் "நீங்கள் குழுவில் வேலை செய்தவரா?" என்று கேட்டார்கள். நான் ஹாக்கி டீமைச் சொன்னேன். ஒற்றுமை, தியாகம் என்றெல்லாம் சொன்னேன். அந்த டீம் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைத்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன சரியான பதில் அது.

எருசியோனி இருட்டில் அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். மேலே இருக்கிறவர் எதிர்பார்க்கிற பதிலைச் சொன்னால் ஓட்டம் நிற்கும். எனக்கும் அது தெரியும்.

*

அதே 1980-இல் இன்னொரு 4-3 இருக்கிறது. ஜூலை 29, மாஸ்கோ. ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டியில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்றது. கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன், சென்னை லயோலாவில் படித்தவர். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் அமெரிக்கா முன்னின்று நடத்திய புறக்கணிப்பால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து என்று பெரிய அணிகள் வரவில்லை. ஆறு அணிகள்தான் ஆடின. இந்தியா ஹாக்கியில் வாங்கிய எட்டாவது தங்கம் அது. அதற்குப் பிறகு ஹாக்கியில் நமக்குத் தங்கம் கிடையாது. ஒரே வருஷம், ஒரே ஸ்கோர். அங்கே அது தொடக்கமாகக் கொண்டாடப்பட்டது, இங்கே அது முடிவாகிப்போனது.

காரணங்கள் பல. செயற்கைப் புல்தரை வந்தது, விதிகள் மாறின. ஆனால் இந்தக் கட்டுரைக்குத் தேவையானது ஒன்று. நம் நாட்டில் கல்லூரி அணி என்பது வாசல்தான், வீடு இல்லை. வீடு ரயில்வே, வங்கி, போலீஸ், ராணுவம். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். அதன் பிறகு ஆட்டக்காரனின் கதை அந்தத் துறையின் கதையாகிவிடும். இந்தியாவில் நிஜமான ஐஸ் ஹாக்கி ஆடுகிற லடாக்கிலும் பல காலமாக அணிகளைத் தாங்கியவை ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைப் படையும்தான். துறையில் வேலை இருக்கும்வரை ஆட்டம் இருக்கும். வேலைகள் சுருங்கினால் வாசலிலும் ஆள் நிற்க மாட்டான். கோவில்பட்டி விதிவிலக்கு. அங்கே ஊரே வீடு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் நாட்களில் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியது ஆகாயத்திலிருந்து விழுந்த விஷயமில்லை.

தமிழில் ஹாக்கி என்றால் 2019-இல் வந்த 'நட்பே துணை' ஞாபகம் வரும். ஹிப்ஹாப் ஆதி நடித்தது. அமெரிக்கப் படத்துக்குத் தெரியாத ஒன்று அந்தப் படத்துக்குத் தெரியும்: கிரவுண்ட் பறிபோகலாம். மினசோட்டாக்காரர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் அங்கேயும் எல்லாவற்றையும் ஒரே ஒரு மேட்ச்தான் தீர்மானிக்கிறது. ஜெயித்தால் கிரவுண்ட் பிழைக்கும். கிரவுண்டுகள் அப்படிப் பிழைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தோற்ற வருஷத்திலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு யாராவது போய் சுண்ணாம்புக் கோடு போட்டால்தான் பிழைக்கும்.

குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதும்போது ரசிகமணி டி.கே.சி. ஞாபகம் வராமல் இருக்காது. கம்பனில் தன் காதுக்குக் கம்பனாகக் கேட்காத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கி வைத்தவர் அவர். உச்சத்தைக் காட்டிக்கொடுக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாம் விளையாட்டுப் படம் பார்ப்பதும் அந்த மாதிரிதான். கடைசி நிமிட கோல் மட்டும் கவிதை, மற்றதெல்லாம் செருகல். ரசனைக்கு அது சரிப்படும். வரலாற்றுக்குச் சரிப்படாது. ஏனென்றால் ஒரு அணியின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தச் செருகல்தான்: பஸ் காசு, கிழிந்த கீப்பர் பேட், 0-6 என்று தோற்ற மண்டலப் போட்டி.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. மினசோட்டாவில் ஆண்கள் அணி 1921-இல் வந்தது. பெண்களுக்கு அதே அந்தஸ்தில் ஒரு அணி வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் போட முடிவதே அங்கே வருஷவாரியாக எழுதிவைத்திருப்பதால்தான். எழுதிவைத்தால் பெருமையோடு அநியாயமும் சேர்ந்து பதிவாகும். எங்கள் காலேஜில் பெண்கள் டீம் ஏன் இல்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் டீமே இருந்ததற்கு ஆதாரம் இல்லாதபோது அதை எங்கே போய்க் கேட்பது?

நண்பர்கள் ஊருக்குப் போன பிறகு பரணிலிருந்து ஸ்டிக்கை எடுத்தேன். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாததால் என்னிடமே தங்கிவிட்டது. டேப்பைப் பிரித்தேன். எனக்கு முந்தைய மூன்று பெயர்களில் இரண்டு தெளிவாக இருந்தன. முதல் பெயர் தேய்ந்து ஒரே ஒரு எழுத்துதான் மிச்சம். பத்து வருஷத்துக்கு மேல் பேசாத சாருக்கு போன் போட்டேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த ஸ்டிக்கா? அது சங்கரன்கோவில் பையன்லா மொதல்ல வச்சிருந்தான். லெஃப்ட் அவுட். ஒரு டைரி வச்சிருக்கேன், எல்லா வருசமும் எழுதியிருக்கேன். யாரு டீம்ல, யாருகிட்ட தோத்தோம், எல்லாம் இருக்கு."

"சார், எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க எவனாச்சும் கேட்டியளாலே?"

வர்ற ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் போகிறேன். லேப்டாப்பும் சார்ஜரும் எடுத்து வைத்தாயிற்று. முதல் வருஷத்திலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும், 0-6 உட்பட.