அடிக்காத பேக்ஹேண்ட்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், துரைமார் காலத்து டெனிஸ் கோர்ட்டில் ஞாயிறு தவறாமல் ஆடும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். பேக்ஹேண்ட் பக்கம் பந்து தோளுயரம் எழும்பினால் மனிதர் வீசி அடிக்கமாட்டார். றக்கெட்டைக் கொண்டுபோய் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு சீவல், அவ்வளவுதான். "பயந்து ஆடுறாரு" என்று கம்பி வேலியோரம் நிற்பவர்கள் சொல்கிறார்கள். போன வாரமும் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயமாவது! அது லயத்து முற்றத்தில் சொஃப்ட்போல் கிரிக்கெட் ஆடிப் படித்த ஸ்குயார் கட். பைக்கில் விழுந்து பழுதான வலது தோள் மேலே முழுதாகச் சுழலாது. அந்தத் தோளுக்கும் அந்த வெட்டுக்கும் பார்த்துத்தான் றக்கெட்டை எடுத்திருக்கிறார்: ஸ்ட்ரிங் கட்டாமல் 305 கிராம், 98 சதுர அங்குலத் தலை, கொஞ்சம் வளைந்துகொடுக்கும் சட்டம். பந்து வந்து மோதும்போது பாரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

நம் பையன்கள் வாங்குவதோ 260 கிராம் பஞ்சு. கடையில் தூக்கிப் பார்த்து "லேசா இருக்கு" என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். லேசான றக்கெட்டைப் பந்து பின்னுக்குத் தள்ளும். அதைத் தாங்கப் பிடி இறுகும், அதிர்ச்சி நேரே முழங்கைக்குப் போகும். போதாக்குறைக்கு விறைத்த பொலியெஸ்டர் ஸ்ட்ரிங் வேறு. பிறகு முழங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, உயரம். 1,219 மீற்றருக்கு மேல் ஆடுவதற்கென்று சர்வதேச டெனிஸ் சம்மேளனம் தனிப் பந்தே வைத்திருக்கிறது. ஹப்புத்தளை அந்தக் கோட்டைத் தாண்டிய ஊர். நாம் அதற்குக் கீழே என்றாலும், கொழும்பில் கோட்டுக்குள் விழும் அடி இங்கே கொஞ்சம் நீண்டுதான் விழும். மலையேறி ஆடப் போகும்போது இவர் ஸ்ட்ரிங்கை இரண்டு இறாத்தல் கூட்டி இறுக்குகிறார். வேலியோர நிபுணர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் வீசி அடிக்கிறவர்களின் பந்து தேயிலைக்குள் போகும், இவருடைய சீவல் கோட்டருகே தாழ்ந்து கிடக்கும். இந்த வருடம் இரட்டையர் கிண்ணம் இவர் பக்கம்தான். இன்னும் ஐந்து வருடத்தில் தலையை 105 ஆக்குவார், பாரத்தைக் குறைக்கமாட்டார். அதற்குள் இன்று சிரிக்கிற இரண்டு பேராவது 300 கிராமுக்கு வந்திருப்பார்கள்.

புது றக்கெட் வாங்கப் போகிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குள் காற்றில் வீசிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிடித்துப் பாருங்கள், விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றக் கையின் ஒரு விரல் நுழைந்தால் பிடி சரி. பிறகு யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மணித்தியாலம் ஆடுங்கள். அவரிடமே கேட்கலாம், தருவார். பிடியில் சுற்றியிருக்கும் டேப்பை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.