'சூரியோதயம்': முடிவு பற்றிய ஒரு நோக்கு

எவ். டபிள்யூ. மூர்னவ் ஹொலிவூட்டில் நெறிப்படுத்திய 'சூரியோதயம்' (1927) மௌனத் திரைப்படங்களுள் உன்னதமான ஒன்றென விதந்துரைக்கப்படுவது. அதன் ஒளியமைப்பும் கமெரா அசைவும் இப்புகழுக்கு உரியனவே. எனினும் அதன் முடிவு தனியே ஆராயத்தக்கது.

நகரப் பெண்ணொருத்தியின் மோகத்திற் சிக்கிய உழவன், அவளது தூண்டுதலால் தன் மனைவியை ஏரியில் மூழ்கடிக்க எண்ணுகிறான். இறுதிக் கணத்தில் மனந்தளர்கிறான். நகருக்குச் சென்ற இருவரும் தேவாலயமொன்றிற் பிறரது திருமணத்தைக் கண்டு மீண்டும் இணைகின்றனர். திரும்பும் வழியிற் புயல் படகைக் கவிழ்க்கிறது. மனைவி இறந்தாளெனக் கருதிய அவன் நகரப் பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான். மனைவி பிழைத்தாள் என்ற செய்தி அவனைத் தடுக்கிறது. பொழுது புலர்கிறது. நகரப் பெண் வண்டியேறிச் செல்கிறாள்.

ஹேர்மன் சூடர்மன் எழுதி 1917 இல் வெளிவந்த 'தில்சித் பயணம்' என்னும் ஜேர்மன் கதையே படத்தின் மூலம். அங்கு கணவன் நீரில் மாள்கிறான், மனைவி பிழைக்கிறாள். அவனை மயக்குபவளும் நகரத்தவளல்லள், அவ்வீட்டுப் பணிப்பெண். இவ்விரு மாற்றங்களும் தம்முள் தொடர்புடையன. வீட்டினுள்ளே விளைந்த குற்றத்தைப் படம் நகரின்மேற் சுமத்துகிறது. குற்றம் வெளியிலிருந்து வந்ததாயின், வந்தவளை வெளியேற்றினாற் போதும்; கொலைக்குத் துணிந்தவன் மன்னிக்கப்படலாம். அம்மன்னிப்பின் விலையை மனைவியே செலுத்துகிறாள்.

படத்தின் தொடக்கத்திற் கடன்கொடுத்தோர் உழவனின் மாட்டைக் கொண்டுசெல்வதைக் காண்கிறோம். நிலத்தை விற்றுவிட்டு நகருக்கு வருமாறே நகரப் பெண்ணும் அழைக்கிறாள். இக்குடும்பத்தின் நெருக்கடிக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டென்பது தெளிவு. முடிவிலோ கடன் பற்றிய குறிப்பேதும் இல்லை. பாத்திரங்களுக்குப் பெயரிடாது, எங்கும் நிகழக்கூடிய கதையென முகப்பெழுத்திற் கூறுவதும் இம்மறைப்புக்குத் துணைபோகிறது.

இதே மூர்னவும் திரைக்கதையாசிரியர் கார்ல் மேயரும் இணைந்து உருவாக்கிய 'கடைசி மனிதன்' (1924) என்னும் படத்திலும் மகிழ்வான முடிவொன்று ஒட்டப்பட்டிருந்தது. ஆயின் வாழ்க்கையில் அவ்வாறு நிகழாதென்பதை அப்படமே எழுத்தில் ஒப்புக்கொண்டது. 'சூரியோதயம்' தன் முடிவை ஐயமின்றி நம்புகிறது, நம்மையும் நம்பவைக்கிறது.

கொலைகாரன் தப்புவதற்கென வெட்டிய நாணற் கட்டுகளே மனைவியின் உயிரைக் காப்பது போன்ற இடங்களில் மூர்னவின் கலைத்திறன் மறுக்கவியலாதது. அத்திறனே இம்முடிவை ஏற்கச் செய்கிறது. ஆகவே, அதன் அழகை உணர்வதோடு அமையாது, அவ்வழகு எவற்றை மறக்கச் செய்கிறது என்பதையும் எடுத்துரைத்தல் திறனாய்வின் கடனென நாம் கருதுகிறோம்.