யார் வைத்த விண்மீன்கள்?

பழைய சித்திரத் திரைச்சீலை எது கிடைத்தாலும் ‘பிளெமிஷ்’ என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். ஆனால் அவற்றில் பலவற்றை நெய்த பிரஸ்ஸல்ஸ் அன்று பிளாண்டர்ஸில் இல்லை, பிராபண்டில் இருந்தது. 1528இல் அந்நகரம் கட்டாயமாக்கிய முத்திரையே சாட்சி: சிவப்புக் கேடயம், இருபுறமும் இரண்டு ‘பி’. பிரஸ்ஸல்ஸ், பிராபண்ட். அதைத் துணியின் கரையில் தேட வேண்டும். கரையை வெட்டியிருந்தால் ஊரும் பேரும் அதோடு போயிற்று.

வத்திக்கானில் உள்ள ‘திருத்தூதர் பணிகள்’ வரிசையில் முத்திரையைத் தேடுவது வீண். அது சட்டத்துக்கு மூத்தது. திருத்தந்தை பத்தாம் லியோ கேட்டார். நெசவுக்கான மாதிரிகளை ரபேல் வரைந்தார். பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட்டின் பட்டறை நெய்தது. 1519 டிசம்பர் 26 அன்று ஏழு சீலைகள் சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் ஏறின. பல சீலைகளின் கீழ்க்கரையில் வெண்கலப் புடைப்புச் சிற்பம்போல லியோவின் வாழ்க்கையே ஓடுகிறது. உடைமையாளர் யார் என்பதற்கு வேறு முத்திரை எதற்கு?

மாதிரித் தாளைக் கீற்றுகளாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைத்து, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார்கள். அதனால் இடமும் வலமும் மாறும். லண்டனில் உள்ள ‘அற்புத மீன்பிடிப்பு’ மாதிரியில் இடது ஓரப் படகில் இருக்கும் கிறிஸ்து, சீலையில் வலது ஓரத்துக்கு வந்துவிடுகிறார். உருவங்களோ தறியில் படுத்தபடிதான் பிறக்கின்றன. சுவரில் தொங்கும்போது பாவு கிடையாகிவிடும்.

இத்தகைய பழஞ்சீலைகளில் மரங்கள் நீலமாக இருந்தால் நெசவாளியைக் குறைசொல்லாதீர்கள். நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை எடுத்தார்கள். வெளிச்சத்தில் முதலில் வெளுப்பது அந்த மஞ்சள். பின்பக்கத்தைத் திருப்பினால் பழைய பச்சை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

எனக்குப் பிடித்த இடம், கிறிஸ்து பேதுருவிடம் தன் மந்தையை ஒப்படைக்கும் காட்சி. மாதிரியில் கிறிஸ்துவின் மேலாடை வெறும் வெள்ளை. சீலையிலோ அதன்மேல் பொன் விண்மீன்கள் இறைந்து கிடக்கின்றன. பட்டிழையில் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிய ஜரிகை. காஞ்சிபுரம் பார்த்த கண்ணுக்கு அது புதிதல்ல. வெள்ளைக் கம்பளியும் பட்டும் மட்டும் இருந்தால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த ஆடை மங்கிப்போகும் என்று தறியில் உட்கார்ந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித்தான் நான் நினைக்கிறேன். சீட்டில் ரபேல் பெயர் இருக்கட்டும். அந்த விண்மீன்களை மட்டும் நான் பிரஸ்ஸல்ஸின் கணக்கில் எழுதிவிடுவேன்.