பேயாகாமல் காட்டுக்குப் போவது

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். முதலில் மாப்பிள்ளை அழைப்பு, அடுத்து பரமதத்தனுக்கும் புனிதவதிக்கும் திருக்கல்யாணம், பிறகு பிச்சாண்டவர் வீதியுலா. அப்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வரும். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அவற்றைப் பிடிக்கக் காத்திருப்பார்கள். கணவன் விட்டுப் போனபின் உடம்பின் தசையையே உதறிவிட்டுப் போன ஒருத்தியை ஊர் ஆண்டுக்கொரு முறை மறுபடி மணப்பெண்ணாக்குகிறது. சின்ன வயதில் நானும் அந்த மாம்பழங்களைப் பொறுக்கித் தின்றிருக்கிறேன். இனிப்பாகத்தான் இருந்தன.

அம்மையாரின் கதையை நான் மறுபடி யோசிக்க நேர்ந்தது கோடியக்கரை சரணாலயத்தில். ஒரு ஜனவரியில், வலசை வந்திருக்கும் பறவைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். வீட்டில் முதல் கேள்வி, "கூட யாரு வர்றாங்க?" இரண்டாவது, "அங்க என்ன வேலை?" முதல் கேள்விக்குப் பொய் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குச் சொல்ல ஒரு பொய்கூட அகப்படவில்லை. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, பரீட்சை என்று ஏதேனும் இருந்தால் ஒரு பெண் தனியாகப் பேருந்து ஏறலாம். பூநாரை பார்ப்பது எந்தக் கணக்கில் வரும்?

மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் இந்தக் கேள்வியைத்தான் கிளறுகிறது. பெண்ணுக்குப் பொதுவெளியில் பாதுகாப்பு கேட்டால் மட்டும் போதாது, காரணமே இல்லாமல் திரியும் உரிமையையும் கேட்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பேசுவது நகரத் தெருவைப் பற்றி. காட்டுக்கும் சதுப்புக்கும் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க நான் தமிழ் இலக்கியத்திடம் போனேன்.

வேதாரண்யம் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930இல் ராஜாஜியின் உப்பு யாத்திரை வந்து சேர்ந்த இடம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் ருக்மிணி லட்சுமிபதியும் ஒருவர். தேசத்துக்காக உப்பளத்தில் இறங்கிய பெண்ணை எல்லோரும் மெச்சினார்கள். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. பேருந்து அதைக் கடந்து போனால் காடு தொடங்கும். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் காடு கல்கியின் வழியாகத்தான் தெரியும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி இங்கேதான் தனியாகப் படகு விடுகிறாள், இரவில் சதுப்பில் திரிகிறாள். புதைசேறு எங்கே, கால் வைக்கும் மேடு எங்கே என்று அவளுக்குத் தெரியும். துரத்தி வந்து சேற்றில் சிக்கும் வந்தியத்தேவனை அவள்தான் இழுத்துக் காப்பாற்றுகிறாள். பள்ளி நாளில் அவளைப் போல ஆகவேண்டும் என்று ஆசைப்படாத தோழி எனக்கு இல்லை.

ஆனால் கல்கி அவளை எப்படித் திரிய விடுகிறார் என்று பாருங்கள். சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்பவளாக அவளைப் படைக்கிறார். காட்டைத் தெரிந்த பெண் கொஞ்சம் பித்துப் பிடித்தவளாக இருந்தாக வேண்டும். அந்தப் பித்துக்கும் ஓர் ஆண்தான் காரணம், எட்டாத இளவரசன். கதை முடியும்போது சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவன் உத்தம சோழனாக முடிசூட, இவள் அரசியாகிறாள். அவளுடைய அத்தை மந்தாகினியின் கணக்கு இன்னும் கடுமையானது. காட்டிலும் தீவிலும் அவள் விருப்பம்போல் அலையலாம், ஆனால் பேச முடியாது. அவள் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் குதித்ததாக நாவல் சொல்லும். சோழர் காலத்தது என்று இங்கே காட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் சிதைந்து, இப்போது செங்கல் இடிபாடாகக் கிடக்கிறது.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் எங்கள் ஊர்க்காரர். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையில், கணவன் புது மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுகிறான். இவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம் என்று புனிதவதி அதை உதறிப் பேயுருக் கொள்கிறார். தசை கணவனுடையது, அவன் விட்டுவிட்டால் அதை வைத்துக்கொண்டு தனியே நடமாட முடியாது என்ற ஊர் வழக்கம் இதற்குள் இருக்கிறது. பக்தியின் உச்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில் எனக்குப் பேருந்து நிறுத்தம்தான் தெரிகிறது. தொளதொள சட்டை போட்டு, துப்பட்டாவை இறுக்கி, வழியில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், உடம்பு இருப்பதே தெரியாதபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.

சேக்கிழாரை மூடி வைத்துவிட்டு அம்மையார் தானே எழுதியதைத் திறந்தால் வேறொருத்தி வருகிறார். அங்கே கணவன் இல்லை, மாம்பழமும் இல்லை. திருவாலங்காட்டைப் பாடும் மூத்த திருப்பதிகத்தில் எட்டி, இலவம், சூரை, காரை, கள்ளி என்று புதர்களும் மரங்களும் தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. உரைகாரர்கள் இதைச் சுடுகாட்டின் பயங்கரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சூரையையும் காரையையும் பிரித்துச் சொல்ல, கிட்டே போய் முள் குத்திப் பார்த்திருக்க வேண்டும். காரைச் செடி கோடியக்கரையிலும் இருக்கிறது. என் சட்டைக் கையைக் கிழித்ததும் அதுதான்.

அந்தப் பதிகத்தில் ஒரு பெண்பேய் வரும். கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்த கொள்ளிக் கரியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிச் சிரிக்கும். அகோரம் என்று சொல்லியே அதை நமக்குக் கற்பித்தார்கள். பொம்பளைப் பிள்ளை காலை நீட்டி உட்காராதே, சத்தமாகச் சிரிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் ஒருமுறை அந்த இடத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். காட்டில் ஒருத்தி வேலை ஒன்றும் இல்லாமல் இருக்கிறாள், தனக்குத் தானே அலங்காரம் செய்துகொள்கிறாள். கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையிலும் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து பார்ப்பவராக அவரை வாசிக்க நமக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

சரணாலயத்திலும் பார்வைக்கு ஒரு பால் உண்டு. 1967இல் இது அறிவிக்கப்பட்டது முக்கியமாக வெளிமானுக்காக. முறுக்குக் கொம்பும் கருத்த முதுகுமாக நிற்கும் கிடாவைத்தான் படங்களில் போடுவார்கள். பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் கொம்பில்லாமல் மேயும் பெண்மான்களைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒருவர், "இதெல்லாம் சும்மா, கருப்பு வரட்டும்" என்றார். ஆங்கிலப் பெயரே கருத்த ஆணை வைத்துத்தான். ஆணுக்கு இரலை, பெண்ணுக்குப் பிணை என்று பழந்தமிழ் இரண்டு பெயர் வைத்திருந்தது. அந்தச் 'சும்மா'க்கள் பதினொன்றையும் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்தபோது கடலை விற்ற அம்மா ஒருவர், "ஏம்மா, தொணைக்கு ஆளில்லாமலா வந்தே?" என்று கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். சின்னப் பிள்ளையாக அவர் தன் அம்மாவோடு இந்தக் காட்டுக்குள் சுள்ளி பொறுக்கவும் கோடையில் பாலைப்பழம் பொறுக்கவும் போனவர். "காடு பூரா எங்கம்மாவுக்குத் தெரியும். இப்ப உள்ள போனா திருடின்னுவாங்க." 1972 வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுத்து வரக்கூடாது. சட்டத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் காரணமில்லாமல் வந்த எனக்குச் சீட்டுக் கொடுக்கும் வாசல், காரணத்தோடு வந்தவளை நிறுத்துகிறது. வீட்டில் நான் கேட்ட கேள்வி இங்கே தலைகீழாக நிற்கிறது. சுற்றுலாப் பயணியாக என் உரிமையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பூங்குழலி அரசியானதுபோல் நானும் உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டவளாகிவிடுவேன். சதுப்பின் மேடுபள்ளம் தெரிந்தவள் வெளியே கடலை விற்றுக்கொண்டிருப்பாள்.

"கழுத்துல என்ன அது?" என்றார். பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்தார். சரிசெய்து, தூரத்து நீர்ப்பரப்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்த பக்கம் காட்டினேன். "அட, கால நடுத் தண்ணியில வச்சு நிக்கிதே" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. வாங்க வந்த ஒருவன் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. பேருந்து வந்து நின்று, நடத்துநர் விசில் ஊதினார். நான் கேட்கவில்லை, அவரும் கண்ணிலிருந்து அதை எடுக்கவில்லை. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.