கூலிக்குத் தானம் என்று பெயர்

மொரப்பூரில் ரயிலேறினால் சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை. வறண்ட மாவட்டத்துப் பெண்கள் மில் வேலைக்குப் போகும் வழி இது. கொங்குப் பகுதி நூற்பாலைகளில் 2000களில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ நினைவிருக்கும். இளம்பெண்களை விடுதியில் வைத்து மூன்றாண்டு வேலை வாங்கினார்கள். கூலியில் பிடித்துவைத்த பணத்தைக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்து, அதைத் திருமண உதவி என்றார்கள். இடையில் நோயோடு திரும்பியவர்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவளுடைய உழைப்பே அவளுக்குத் தானமாக வந்தது.

செல்வந்தர்களின் கொடையை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் சேராது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டினால் சேரும். அந்தக் கழிப்பறை நம் பெண்பிள்ளைகளுக்குத் தேவை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் லாபம் என்பது கூலி போக மிஞ்சியது. கூலியைக் குறைத்தால் கொடுப்பதற்கான தொகை கூடும். சுவரில் கொடுத்தவர் பெயர் மட்டுமே இருக்கும். கட்டித் தருவதை வாங்கிக்கொள்வோம். கூலி பாக்கியையும் சேர்த்தே கேட்போம்.