விருந்தினர் கண்ட பனிக்கால விழா

பிறநாட்டு விழாக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகையினர். ஒரு சாரார் காண்பன யாவற்றையும் போற்றுவர். மறு சாரார் தம் ஊர் வழக்கோடு ஒப்பிட்டு எள்ளுவர். மகிழ்ந்து போற்றும்போதே கண்ணையும் திறந்து வைத்திருப்போர் மிகச் சிலர். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவரா என்பது ஆராய்தற்குரியது.

குடும்ப வாணிகத்தின் பொருட்டு 1815இல் இங்கிலாந்து சென்றவர் இர்விங். 1818இல் அவ்வாணிகம் நொடித்துப் போகவே, எழுத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். 1819, 1820ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்த 'ஸ்கெட்ச் புக்' அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அந்நூலுள் கிறிஸ்துமஸ் பற்றிய கட்டுரைகள் ஐந்து உள. ஜெஃப்ரி கிரேயன் என்னும் கற்பனைப் பயணி, யார்க்ஷயர்ப் பகுதியில் டிசம்பர் மாதத்தில் சுற்றுகிறார். நண்பரின் தந்தையாகிய நிலக்கிழார் பிரேஸ்பிரிட்ஜின் மாளிகையில் விழாவைக் கழிக்கிறார். கதை இவ்வளவே.

இக்கட்டுரைகளில் நடைக்காட்சிகளே மிகச் சிறந்தவை. விழாவின் முன்னிரவில் நண்பர் இருவரும் வாயிலில் வண்டியை விட்டிறங்கி, இலையுதிர்ந்த மரச்சாலை வழியே மாளிகை நோக்கி நடக்கின்றனர். நிலவொளி பட்ட இடத்தில் மட்டும் பனித்துகள் மின்னுகிறது. மறுநாள் காலை தேவாலயத்துக்கு ஒரு நடை. திரும்பும்போது, தெற்கு நோக்கிய சரிவுகளில் பனி உருகிப் பசுமை தெரிகிறது. தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லே புல்நுனி நீருக்கும் வெண்பனிக்கும் பொதுவாய் நிற்பதால், இதனைக் கற்பிப்போர் ஒன்றை விளக்க வேண்டும். இர்விங் காட்டுவது ஊரை மூடும் பெரும்பனியன்று. வெயில் பட்டால் கரையும் மெல்லிய போர்வையே. அவ்வுருகுதலை, மனக்குளிரைப் போக்கும் விருந்தோம்பலுக்கு அடையாளமாக நிலக்கிழார் கொள்கிறார்.

அடுத்து விழா வழக்கங்கள். அடுப்பில் பெருங்கட்டை எரிகிறது, பன்றித்தலை பாட்டோடு பந்திக்கு வருகிறது, மதுக்கலம் கைமாறுகிறது. பாதிரியாரோ, 1647இல் ஆங்கில நாடாளுமன்றம் இவ்விழாவைத் தடுத்த பழங்கதையை எடுத்து, கேட்போர் எவரும் மறுக்காத ஒன்றை நிறுவப் பெரிதும் பாடுபடுகிறார். இந்நகை மெல்லியது, எவரையும் புண்படுத்தாதது.

மயிலைப் பற்றிய பகுதி இன்னும் நயமுடையது. பந்தியில் மயிலிறகு சூட்டிய இறைச்சி அப்பம் வைக்கப்படுகிறது. உள்ளே இருப்பதோ வேறொரு பறவையின் இறைச்சி. அவ்வாண்டு மயில்கள் பல இறந்தமையால் ஒன்றைக் கொல்ல மனம் வரவில்லை என்கிறார் நிலக்கிழார். அன்று காலையிலோ மாளிகையில் மயில்கள் மிகுதியாக இருந்தமையைக் கிரேயன் வியந்து குறித்துள்ளார்! இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே உண்மை விளங்கும். பழமையைக் காக்க விரும்பியவர், அதற்காகத் தம் மயிலை இழக்க ஒருப்படவில்லை. இர்விங் இதனை விளக்கவில்லை, படிப்போர்க்கே விட்டுவிடுகிறார்.

குறையும் ஒன்று உண்டு. ஊரார் செய்தித்தாள் படிக்கின்றனர், சீர்திருத்தம் பேசுகின்றனர் என்று நிலக்கிழார் வருந்துகிறார். பழைய விளையாட்டுகளை மீட்டால் எல்லாம் சீராகும் என நம்புகிறார். முன்பு எல்லோர்க்கும் கதவைத் திறந்து வைத்தபோது இரவலர் கூட்டம் பெருகியதால், இப்போது தக்கவரை மட்டுமே அழைக்கிறார். அவர் முதுகு திரும்பியதும் உழவர் இளைஞர் சிலர் முகஞ்சுளித்துக் கண்சிமிட்டுகின்றனர்; கிரேயனைக் கண்டதும் அடங்குகின்றனர். அந்தக் கண்சிமிட்டலின் பொருள் என்ன? 1819 ஆகஸ்டு 16இல் மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. அந்நூல் வெளிவந்துகொண்டிருந்த காலமே அது. கிரேயனோ அவ்விளைஞரிடம் ஒரு வினாவும் கேட்டிலர்.

விருந்தினர்க்கு அது தகாது என்பர் சிலர். உண்ட வீட்டைப் பழித்தல் தகாதுதான்; ஆனால் கேட்டறிதல் பழித்தல் ஆகாது. எனினும் கண்டதை மறைக்காமல் எழுதியமை இர்விங்கின் நேர்மைக்குச் சான்று. மறைத்திருந்தால் இக்கட்டுரைகள் வெறும் வாழ்த்துமடலாய் முடிந்திருக்கும்.

இர்விங்கை விரும்பிப் படித்த சார்லஸ் டிக்கன்ஸ், 1843இல் 'கிறிஸ்துமஸ் கரோல்' எழுதியபோது ஏழையின் வீட்டுக்குள்ளேயே படிப்போரை அழைத்துச் சென்றார். மாளிகையோடு நின்ற விழா அங்கே குடிசைக்கும் உரியதாயிற்று.

தமிழில் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதும் பொருள். புதிதாய் வந்தவர் கண்ணுக்கே, வீட்டார் பழகி மறந்தவை தெரியும். இர்விங்கின் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர் பனிநடையின் இன்பத்தை நன்கு நுகரட்டும். அந்தக் கண்சிமிட்டலையும் தவறாது குறித்துக்கொள்ளட்டும்.